கூடலூர்க் கொழுந்தும் கோழிக்கோட்டு எலுமிச்சையும்

நாடுகாணியில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று தேவாலா, பந்தலூர், சேரம்பாடி என்று தேயிலைக்குள்ளேயே சுற்றுகிறது. மற்றொன்று காட்டுக்குள் இறங்கி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. கூடலூரிலிருந்து கடற்கரை வரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலிருந்து கடல் மட்டத்துக்கு ஒரே பகலில் இறங்கிவிடலாம். கூடலூர்ப் பக்கம் ஓடும் பாண்டியாறு கீழே புன்னப்புழையாகி, சாலியாற்றில் கலந்து, கோழிக்கோட்டுக்குத் தெற்கே பேப்பூரில் கடலைச் சேர்கிறது. சாலையும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரோடு கூடவே போகிறது.

இந்த வழியை நான் தேர்ந்தெடுத்தது ஒரு கிளாஸ் சுலைமானிக்காக. பால் இல்லாத தேநீரில் ஏலக்காய், கிராம்பு, பட்டை மணக்க, எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்களே, அதுதான். கோழிக்கோட்டில் பிரியாணி சாப்பிட்டு எழுந்தவர்கள் கைகழுவிய ஈரத்தோடு தேடுவது அதைத்தான். பழமும் நறுமணப் பொருளும் சேர்ந்த கறுப்புத் தேநீர் இன்று வண்ணப் பெட்டிகளில் உலகமெங்கும் விற்கிறது. அதன் அசலான வடிவம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அதில் சேரும் பொருள்கள் விளையும் மலையைப் பார்த்துவிட்டு, அவை ஒன்றுசேரும் துறைமுகத்துக்குப் போய்க் குடிக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் தேவாலாப் பக்கம் போனேன். 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே தங்கம் கிடைக்கும் என்று நம்பி லண்டனிலிருந்து பணம் கொட்டியது. சுரங்கங்கள் தோண்டப்பட்டன. தங்கம் ஏமாற்றியது. இன்று அந்த மலைகளின் மேல் தேயிலைதான் இருக்கிறது. அதைப் பறிப்பவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். 1964-இல் கையெழுத்தான சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னாளில் டேன்டீ ஆனது.

தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, நான் கேட்காமலேயே தேத்தண்ணி கொடுத்தார். பால் இல்லை. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார். சீனியைத் தேநீரில் கரைக்காமல் என் உள்ளங்கையில் கொஞ்சம் வைத்தார்.

“அதை நக்கிக்கிட்டே குடிங்க ஐயா. அங்க சிலோன்ல நாங்க அப்புடித்தான் குடிப்போம். சீனியும் மிச்சம், சாயத்தோட ருசியும் தெரியும்.”

அப்படியே குடித்தேன். முதலில் துவர்ப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் தொண்டையில் இஞ்சி. மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. நல்ல இலையைத் தொழிற்சாலையிலேயே பெரிய கம்பெனிகளுக்கு அனுப்பிவிட்டு, தூளில் கடைசித் தரத்தைத்தான் பறித்தவர்கள் வீட்டில் குடிக்கிறார்கள். அந்தக் கடைசித் தரத்தையும் ருசியாக்கியது இஞ்சி. ஏழைகள் வீட்டில் தேநீருக்கு வாசனை சேர்ப்பது ஆடம்பரமாகத் தொடங்கியதல்ல என்று அங்கே எனக்குப் பட்டது.

அருகில் ஒரு சிறிய தொழிற்சாலையைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டுகிறார்கள். பாதி நாளுக்கு மேல் வாடிய பிறகு இலை துணிபோலத் துவள்கிறது. பின் உருளைகளில் நசுக்கப்படுகிறது. நசுங்கிய இலை காற்றுப் பட்டு, பச்சை மாறி, செம்பு நிறமாகும் வரை வைத்திருக்கிறார்கள். தேயிலை வேலையில் மூக்குக்கு இன்பமான நேரம் அதுதான். வெட்டிய புல்லின் மணம் மெல்ல மெல்லப் பழுத்த பழத்தின் மணமாகிறது. யாரும் எதையும் சேர்க்கவில்லை. இலைக்குள் இருந்த கேட்டகின்கள் காற்றோடு சேர்ந்து தியாஃப்ளேவினாகவும் தியாரூபிஜினாகவும் மாறும்போது வேறு பல மணச்சேர்மங்களும் பிறக்கின்றன. தேயிலையில் பழத்தின் சாயல் இயல்பிலேயே இருப்பதால்தான் பழத்தோடு அது இவ்வளவு நன்றாகச் சேர்கிறது.

கடைசியில் சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். வெளியே வரும் இலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் ஈரம். “இப்ப இது எதைக் கண்டாலும் இழுத்துக்கும் சார். பக்கத்துல சோப்புக்கட்டி வெச்சா சோப்பு வாசம், வெங்காயம் வெச்சா வெங்காய வாசம்” என்றார் மேற்பார்வையாளர். சீனர்கள் இரவு முழுவதும் மல்லிகையோடு தேயிலையைப் படுக்கவைத்து மணமேற்றுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலெண்ணெயைத் தெளித்து எர்ல் கிரே செய்வதும் இப்படியே.

பெட்டியில் வரும் மணமூட்டிய தேயிலைகளில் பெரும்பாலானவற்றுக்கும் வழி இதுதான். உலர்ந்த இலையைச் சுழலும் பீப்பாயில் போட்டு வாசனைத் திரவத்தைத் தெளிப்பார்கள். “இயற்கையான சுவையூட்டி” என்று அட்டையில் இருந்தால், அந்தத் திரவம் தாவரம் போன்ற இயற்கை மூலத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்று பொருள். படத்தில் உள்ள பழம் உள்ளே இருக்கிறது என்று பொருளல்ல. மணமூட்டிய தேயிலையை அப்படித்தான் என்று பொட்டலத்தில் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஊட்டிப் பக்கத்துக் கடைகளில் சாக்லேட் தேயிலை, மாம்பழத் தேயிலை, ஸ்ட்ராபெரி தேயிலை என்று அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலவற்றில் பெட்டியைத் திறந்ததும் மணம் தூக்குகிறது, கொதிநீர் ஊற்றியதும் பறந்துவிடுகிறது, நாக்குக்கு எதுவும் வருவதில்லை. சாதாரணத் தூளின் குறையை மூக்கிடமிருந்து மறைக்கத்தான் அந்த மணம் அதிகமும் பயன்படுகிறது. நல்ல நீலகிரி இலைக்கு அது தேவையே இல்லை.

கூடலூர் வட்டாரத்தில் தேயிலையோடு சேர்ந்தே மற்றவையும் விளைகின்றன. நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. ஓடையோர நிழலில் ஏலச்செடிகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. ஏலக்காயை முதன்முறை செடியில் பார்க்கிறவர்கள் மேலே தேடுவார்கள். காய் இருப்பது கீழே. செடியின் அடியிலிருந்து கிளம்பி மண்ணையொட்டிப் படரும் சரத்தில், வெள்ளைப் பூவில் ஊதா வரியோடு பூத்துக் காய்க்கிறது. பறித்த காயைப் பச்சை நிறம் போகாமல் சூட்டறையில் உலர்த்துவதில்தான் விலை இருக்கிறது. நம் போடிநாயக்கனூரில் ஏலம் விடும்போது வணிகர்கள் பார்ப்பது அந்தப் பச்சையையும் காயின் பருமனையும்தான். மணமோ தோலில் இல்லை, உள்ளே இருக்கும் கறுப்பு விதையில் இருக்கிறது. முழு ஏலக்காயை அப்படியே தேநீரில் மிதக்கவிடுவது வீண். தட்டித்தான் போட வேண்டும்.

நாடுகாணியிலிருந்து வழிக்கடவு வரையிலான இறக்கம் முழுக்கக் காடு. யானைச் சாணம் சாலையில் கிடந்தது. காற்று ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. கீழே வந்ததும் பாக்கு, ரப்பர், வீட்டுத் தோட்டங்களில் ஜாதிக்காய். நிலம்பூரில் ஆற்றைக் கடந்தால் கனோலித் தோட்டம். 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி, சாத்து மேனனின் துணையோடு நடவைத்த தேக்குகள் இன்னும் நிற்கின்றன. மனிதர் நட்டு வளர்த்த தேக்குத் தோட்டங்களில் உலகிலேயே பழையது அது. இங்கே வெட்டிய மரங்களைச் சாலியாற்றில் மிதக்கவிட்டுத்தான் கல்லாயி மரச்சந்தைக்குக் கொண்டுபோனார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

கோழிக்கோட்டில் நான் நேராகப் போனது குற்றிச்சிறாவுக்கு. பெரிய குளம், சுற்றிலும் கோயா குடும்பங்களின் பழைய தறவாட்டு வீடுகள், ஒரு பக்கத்தில் மிஷ்கால் பள்ளிவாசல். மினாரா இல்லை, கும்மட்டம் இல்லை. ஓட்டுக்கூரை அடுக்கடுக்காக ஏறும் மரக் கட்டடம். நாகுதா மிஷ்கால் என்ற கப்பல் வணிகர் 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1510-இல் போர்த்துகீசியர் நகரைத் தாக்கியபோது இதற்குத் தீ வைத்தார்கள். பிறகு சாமூத்திரியின் ஆட்சியில் பழுதுபார்க்கப்பட்டது. இந்து அரசன், அரபு வணிகன் கட்டிய பள்ளி, அதைக் காக்க இரு தரப்பினரும் சேர்ந்து நின்ற நகரம். மிளகையும் இஞ்சியையும் விற்ற ஊர் அப்படி இருந்தால்தான் வணிகம் நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதவில்லை. குளத்தங்கரையில் மாலையில் உட்கார்ந்திருந்த கிழவர்களின் பேச்சிலும், வழி கேட்ட அந்நியனை வீட்டுத் திண்ணைவரை அழைக்கும் முகத்திலும் வணிகத்தைத் தாண்டிய ஏதோ ஒன்று அங்கே தங்கியிருக்கிறது.

இதே துறையில் பதின்மூன்று சீனக் கப்பல்கள் நிற்கக் கண்டதாக இப்னு பதூதா எழுதியிருக்கிறார். தேயிலையின் தாய்நாட்டிலிருந்து கப்பல்கள் வந்தன, அரபு நாட்டிலிருந்து வணிகர்கள் வந்தார்கள், ஏலமும் மிளகும் மலையிலிருந்து இறங்கின, மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் இலங்கையின் பட்டையும் கடல்வழியே வந்து சேர்ந்தன. எல்லாம் ஒரே கடைத்தெருவில் கூடியும், தேநீர் மட்டும் அப்போது பிறக்கவில்லை. நீலகிரியில் தேயிலையை நட்டுப் பார்த்தது 1830-களில், கேத்தியில். தோட்டங்கள் காலூன்றியது 1850-களின் இறுதியில். சுலைமானியை அரபிகள் கொண்டுவந்தார்கள் என்று கோழிக்கோட்டில் பலர் சொல்வார்கள். வளைகுடா நாடுகளிலும், ஹைதராபாதிலும் இதே பெயரில் பாலில்லாத தேநீர் உண்டு. நறுமணப் பொருளைக் கொதிநீரில் போட்டுக் குடிக்கும் பழக்கம் கடல் கடந்து வந்திருக்கலாம். இலை மட்டும் இந்த மலையின் இலை.

கிராம்பின் கதையிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் கிராம்பு மரத்தை முதலில் வளர்த்தது குற்றாலத்தில் அமைத்த வாசனைப் பொருள் தோட்டத்தில். இன்று கன்னியாகுமரி மலைகளின் கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பல தீவுகளைத் தாண்டி வந்த சரக்கு இப்போது நாகர்கோவிலிலிருந்து லாரியில் வருகிறது.

வலியங்காடிக்குள் நுழைந்ததும் மூட்டைகளுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. சுக்கு, மிளகு, ஏலம், ஜாதிபத்திரி எல்லாவற்றின் மணமும் ஒன்றாகி அடித்தது. ஒரு கடைக்காரர் இரண்டு வகைப் பட்டையைக் கையில் வைத்துக் காட்டினார். ஒன்று தடித்து, கரடாக, ஒரே சுருளாக இருந்தது. நம் மளிகைக் கடைகளில் பட்டை என்று வாங்குவது பெரும்பாலும் இதுதான், காசியா. மற்றது தாளைப் போல மெலிந்த பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டது. விரலால் நசுக்கினால் நொறுங்குகிறது. இதுதான் இலங்கைப் பட்டை என்று நாம் சொல்லும் உண்மையான இலவங்கப்பட்டை. காசியாவில் காரம் தூக்கல், கூமரின் என்ற பொருளும் அதிகம். நாள்தோறும் குடிக்கிறவர்களுக்கு மெல்லிய பட்டையே நல்லது, தேநீரின் துவர்ப்போடு முட்டி மோதாததும் அதுதான். இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது இந்தக் கோழிக்கோட்டில்தான். நவஸ்ரீ, நித்யஸ்ரீ என்ற இரண்டு இலவங்கப்பட்டை இரகங்களை வெளியிட்டவர்கள் அவர்கள்.

மதியம் பிரியாணி. வயநாட்டின் சிறுமணி அரிசி, நெய், முந்திரி, பொரித்த வெங்காயம். தமிழ்நாட்டுப் பிரியாணிகளின் காரம் இதில் இல்லை, கனம் உண்டு. அந்தக் கனத்துக்கு மருந்து குற்றிச்சிறாச் சந்தில் ஒரு சிறிய கடையில் கிடைத்தது. கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரும் “இக்கா” என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். தமிழ்நாடு என்றதும் மலையாளத்தைக் கொஞ்சம் தமிழாக்கிப் பேசினார்.

அவர் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பாத்திரத்தில் தண்ணீரோடு ஒரு துண்டுப் பட்டையும் இரண்டு கிராம்பும் போட்டுக் கொதிக்கவிட்டார். நன்றாகக் கொதி வந்த பிறகுதான் தட்டிய ஏலக்காயும் சர்க்கரையும். அதன்பின் தேயிலை. எண்ணி அரை நிமிடம்கூட இல்லை, அடுப்பை அணைத்து மூடிவைத்தார். வடிகட்டியபோது கிளாசில் விழுந்தது கிட்டத்தட்டக் கறுப்பு. எலுமிச்சை மூடியை மேலே பிடித்துப் பிழிந்தார். அந்தக் கறுப்பு என் கண்ணெதிரே செந்தேன் நிறத்துக்கு மாறியது.

“எலுமிச்சை தீயைப் பார்க்கக் கூடாது மோனே. பார்த்தா கசப்பு வரும்” என்றார்.

அவர் கைப்பழக்கத்தில் சொன்னதற்குப் பின்னால் முழுமையான காரணம் இருக்கிறது. எலுமிச்சையின் மணம் விரைவில் ஆவியாகும் எண்ணெயில் உள்ளது, கொதித்தால் மணம் போய்த் தோலின் கசப்பு மட்டும் தங்கும். பட்டையும் கிராம்பும் கட்டியானவை, சாரம் இறங்க நேரம் வேண்டும். ஏலத்தின் மணம் மென்மையானது, நீண்ட கொதிப்பில் மங்கிவிடும். தேயிலையோ அதிகம் கொதித்தால் துவர்ப்பை மட்டும் கொட்டும். பொருளைப் போடும் வரிசைதான் சுலைமானியின் சமையல். நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு. தேநீரின் கருஞ்சிவப்புக்குக் காரணமான தியாரூபிஜின்கள் அமிலம் சேர்ந்ததும் வெளிறுகின்றன. அதனால்தான் உப்புத்தண்ணீர் ஊர்களில் தேநீர் கறுத்துக் கிடக்கிறது, எலுமிச்சை விழுந்ததும் தெளிகிறது.

குடித்தேன். முதல் வாயில் எலுமிச்சையும் ஏலமும். விழுங்கிய பிறகு கிராம்பு நாக்கின் ஓரத்தை லேசாக மரக்க வைத்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இலை இருந்தது, மறையவில்லை. நெய்யின் கனம் மேல்வாயிலிருந்து கழுவப்பட்டுப் போனது. நல்ல மணத்தேநீருக்கு என் அளவுகோல் இதுதான்: எத்தனை பொருள் சேர்ந்தாலும் தேயிலை தேயிலையாகவே தெரிய வேண்டும். பெட்டியில் வாங்கிய எந்த மணத்தேநீரும் எனக்கு இதைத் தந்ததில்லை.

பாலைச் சேர்த்தால் இது நடக்காது. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. காலையில் நமக்கு வேண்டியது அந்த மென்மைதான், நானும் பால் தேநீர்க்காரன்தான். உணவுக்குப் பிறகு நாக்கைத் தெளியவைக்க வேண்டுமென்றால் துவர்ப்பு விடுதலையாக இருக்க வேண்டும்.

இந்த ஊரில் சுலைமானி ஒரு பானம் என்பதைத் தாண்டிப் போய்விட்டது. பழைய மாளிகைகளின் மாடிகளில் இரவெல்லாம் நடந்த மெஹ்ஃபில் என்னும் இசைக்கூடல்களில் ஆர்மோனியத்தோடு கூடவே இதுவும் இருந்தது. இசையமைப்பாளர் எம்.எஸ். பாபுராஜ் பாடி வளர்ந்த மாடிகள் அவை. 2015-இல் மாவட்ட நிர்வாகமும் ஓட்டல்காரர்களும் சேர்ந்து, பசித்தவர் கூப்பன் வாங்கி ஓட்டலில் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து சாப்பிட ஒரு திட்டம் தொடங்கினார்கள். கொடுப்பவர் யார், உண்பவர் யார் என்று தெரியாத ஏற்பாடு. அதற்கு வைத்த பெயர் ஆபரேஷன் சுலைமானி. ஒரு நகரம் தன் கருணைக்குத் தேநீரின் பெயரைச் சூட்டியதை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

பேப்பூருக்கு மாலையில் போனேன். எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் வாழ்ந்த வீடு அங்கேதான். மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் கிராமபோன், கையில் பாலில்லாத கட்டன் சாயா என்று கேரளம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. ஆற்றின் முகத்தில் உரு கட்டும் தச்சர்கள் பலகைகளை இழைத்துக்கொண்டிருந்தார்கள். அரபிக்கடலுக்குப் போகும் மரக்கலங்கள். தேவாலாவின் மழையும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று இருக்கிறது. நீலகிரியில் தேயிலை வளர்ப்பவர்களில் பல்லாயிரம் பேர் ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பின் கீழ் 16 தொழிற்சாலைகள் இயங்குகின்றன, தொழிலாளர்களுக்கு வாழ்வளிக்க வந்த டேன்டீயும் இருக்கிறது. மலைக்குப் போகும்போது மாம்பழ மணம், சாக்லேட் மணம் என்று வாங்காமல், அவர்களின் மணமூட்டாத தேயிலையை வாங்குங்கள். முடிந்தால் தூளை விட்டு இலையாகவே வாங்குங்கள். போடி ஏலக்காய், குமரிக் கிராம்பு, மெல்லிய பட்டை எல்லாம் நம் கடைகளிலேயே கிடைக்கும். இரண்டு கிளாசுக்கு ஒரு ஏலக்காய், ஒரு கிராம்பு, சுண்டுவிரல் நகமளவு பட்டை போதும். எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு, கிளாசில் பிழியுங்கள்.